தேற்றத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்

பல்கலைக்கழகக் கணிதத்தில் தேற்றத்தை மனப்பாடம் செய்பவர்கள் முடிவை நினைவில் வைப்பார்கள், நிபந்தனையைக் கோட்டைவிடுவார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். ஒவ்வொரு நிபந்தனையாக நீக்கி, முடிவு பொய்க்கும் ஓர் எதிர் எடுத்துக்காட்டை எழுதிவிடுங்கள்.

ரோலின் தேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். மூடிய இடைவெளியில் தொடர்ச்சி, உள்ளே வகையிடத்தக்க தன்மை (ஒவ்வொரு புள்ளியிலும் சாய்வு இருப்பது), இரு முனைகளிலும் சம மதிப்பு. அப்படியானால் உள்ளே எங்கோ வகைக்கெழு, அதாவது சாய்வு, 0.

வகையிடத்தக்க தன்மையை நீக்கினால்? [−1, 1]-இல் மட்டுச் சார்பு (குறியை விட்டு எண்ணின் அளவை மட்டும் தருவது). முனை மதிப்புகள் இரண்டும் 1. சாய்வோ −1 அல்லது 1, நடுவில் கூர்முனை. தொடர்ச்சியை நீக்கினால், [0, 1]-இல் உள்ளீட்டையே தரும் சார்பை எடுத்து, 1-இல் மட்டும் மதிப்பை 0 ஆக்குங்கள். உள்ளே சாய்வு எங்கும் 1. மூன்றாவதற்கு எந்தச் சாய்ந்த நேர்கோடும் போதும்.

முனைகளில் வகையிடத்தக்க தன்மை ஏன் கேட்கப்படவில்லை என்பதையும் பாருங்கள் (தேர்வாளர்களுக்குப் பிடித்த கேள்வி). மேல் அரைவட்டத்தில் முனைத் தொடுகோடுகள் செங்குத்தானவை. ஆனாலும் உச்சியில் சாய்வு 0 கிடைத்துவிடுகிறது.

எல்லை காண, தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டு வகுக்கும் லோபிதால் விதியிலும் இதே சறுக்கல் உண்டு. எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது, (எக்ஸ் + 1)-ஐ (எக்ஸ் + 2)-ஆல் வகுத்தால் எல்லை 1/2. 0/0 வடிவமா என்று பார்க்காமல் விதியைப் போட்டால் 1 வரும்.