நீல ஷேக்கரும் கொள்ளுக் குழம்பும்

தர்மபுரியில் விடிகாலை ஐந்தரைக்கு மைதானம் பக்கம் போனால், போலீஸ் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகும் பையன்களைப் பார்க்கலாம். சுவரோரம் வரிசையாக ஷேக்கர்கள். ஒன்றில் பாதி குடித்த நீல நிற பிசிஏஏ (மூன்று அமினோ அமிலங்கள் கலந்த ஜிம் பொடி) தண்ணீர், மூடியைச் சுற்றி எறும்பு. "இது எதுக்குத் தம்பி?" என்றேன். "ஓடினா ஒடம்புல விஷம் சேருதுங்கண்ணா, இது முறிச்சிரும்."

முதல் தவறு இங்கேதான். கடுமையாக ஓடும்போது தசையில் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது பக்கத்துச் செல்களைத் தாக்கக்கூடிய நிலையற்ற மூலக்கூறுகள், கூடுவது உண்மை. அதைத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். ஆனால் அளவோடு இருக்கும்வரை அது விஷமில்லை. தசை அடுத்த ஓட்டத்துக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள அதுவே தூண்டுதல். 2009இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், 4 வாரப் பயிற்சியோடு, ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் வைட்டமின் ஈயும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் தினமும் எடுத்தவர்களுக்கு, இன்சுலின் நன்றாக வேலை செய்வது என்ற உடற்பயிற்சியின் பலன் கிடைக்காமல் போனது. மாத்திரை போடாமல் ஓடியவர்களுக்குக் கிடைத்தது. சத்து மாத்திரைதானே என்று தினமும் விழுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது, பிசிஏஏ மட்டும் போதும் என்று நம்புவது. லியூசின், ஐசோலியூசின், வாலின் என்று அதில் இருப்பது மூன்றே அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கல். உணவிலிருந்தே பெற வேண்டியவை மொத்தம் ஒன்பது. மீதி ஆறும் வராவிட்டால் தசை கட்டும் வேலை நடுவில் நின்றுவிடும். இன்னொன்று: ஃப்ரீ ராடிக்கலைச் சமாளிக்க உடம்பே குளூட்டதயோன் என்ற காப்புப் பொருளைத் தயாரிக்கிறது. அதற்கு வேண்டியவை குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற வேறு மூன்று அமினோ அமிலங்கள். வெறும் பிசிஏஏ டப்பாவில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை! தசைவலி கொஞ்சம் குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, அவ்வளவுதான்.

மூன்றாவது, தட்டைப் பார்க்காமல் டப்பாவைப் பார்ப்பது. தீவிரமாகப் பயிற்சி செய்பவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ பையனுக்குக் குறைந்தது 72 கிராம். நம்ம ஊர் ராகிக் களி மட்டும் இதற்குப் போதாது. 100 கிராம் ராகியில் சுமார் 7 கிராம்தான் புரதம், அந்த ஒன்பதில் ஒன்றான லைசினும் குறைவு. கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம், லைசினும் தாராளம். கொள்ளில் குறைகிற இன்னொரு அமினோ அமிலமான மெத்தியோனினை ராகி தருகிறது. பாட்டி களிக்குக் கொள்ளுக் குழம்பு ஊற்றியது வேதியியல் படித்தா? கூட இரண்டு முட்டை வைத்தால் இன்னும் 12 கிராம்.

அப்புறம், சீல் இல்லாத பொடிப் பொட்டலத்தை ஜிம்மில் யாரோ கொடுத்தார் என்று வாங்காதீர்கள். தடைசெய்யப்பட்ட பொருள் ஏதாவது கலந்திருந்தால், போட்டியில் சிக்குவது குடித்தவர்தான். தெரியாமல் குடித்தேன் என்றால் மட்டும் ஊக்கமருந்து விதியில் தப்ப முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் பொடிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

அந்தத் தம்பி மறுவாரமும் ஷேக்கரோடுதான் வந்தான். உள்ளே மட்டும் மோர்.