மோரிஸ் மைனருக்கு டைமிங் வைப்பது: முதலில் பாயிண்ட், அப்புறம்தான் விளக்கு

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் மேட்டில் மூச்சு வாங்கினால் பலருடைய கை நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்துவிடலாம். தீப்பொறி எந்த நேரத்தில் விழுகிறது என்பதுதான் டைமிங். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1098 சிசி வண்டியை வைத்துச் சொல்கிறேன். 948 சிசி இன்ஜினுக்கும் வேலை இதேதான்.

1. பாயிண்ட் இடைவெளி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே திறந்து மூடும் மின்தொடுப்பான பாயிண்ட் முழுக்கத் திறக்கும் வரை இன்ஜினைச் சுற்றுங்கள். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மி.மீ. இந்த இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும். முதல் தடவை நான் டைமிங்கை அழகாக வைத்து முடித்த பிறகு பாயிண்டில் கை வைத்தேன். ஒரு சனிக்கிழமை முழுசும் வீண்.

2. வாக்குவம் டப்பா. கார்புரேட்டரின் உறிஞ்சலை வைத்து டைமிங்கை முந்த வைப்பது இது. கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, நுனியைத் துடைத்து, வாயால் உறிஞ்சுங்கள் (பெட்ரோல் நாற்றம் கொஞ்சம் அடிக்கும்). டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இருக்கும் தட்டு நகர வேண்டும். நுனியை நாக்கால் அடைத்தால் நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காமல் காற்று புகுந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, டப்பாவை மாற்றுங்கள். என் வண்டியில் அது எத்தனை வருஷமாகக் கிழிந்து கிடந்ததோ! ஓடிக்கொண்டுதான் இருந்தது, பெட்ரோல்தான் கூடுதலாகக் குடித்தது.

3. நிற்கும்போதே டைமிங். டைமிங் குறி இன்ஜின் முன்பக்கக் கப்பியின் அடியில் ஒளிந்திருக்கும். கப்பியில் உள்ள வெட்டில் வெள்ளை நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். ரேடியேட்டர் பக்கத்து முதல் சிலிண்டரின் பிளக் துளையை விரலால் மூடி இன்ஜினைச் சுற்றினால், காற்று விரலைத் தள்ளும். அப்போது வெட்டைக் குறியோடு ஒப்பிட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்னால் நிறுத்துங்கள். நான் தொடங்குவது இந்த எண்ணில். உங்கள் இன்ஜினுக்கு உரியதை மேனுவலில் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை இணைத்துச் சாவியைத் திருப்புங்கள். பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை முதலில் இடஞ்சுழியாகத் திருப்பினால் பல்பு அணையும். பிறகு மெதுவாக வலஞ்சுழியாக. பல்பு எரியும் அந்த நொடியில் நிறுத்தி முறுக்குங்கள். சாவியை உடனே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷன் காயில் சூடாகிவிடும்.

4. டைமிங் விளக்கு. தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னி, ஓடும் இன்ஜினில் குறியைக் காட்டும் விளக்கு இது. பழைய மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். பாடியைப் பார்த்து ஏமாறாமல் பேட்டரி முனையைப் பார்த்து கிளிப்பை மாட்டுங்கள். வாக்குவம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து ஓட்டையை அடைத்து, மெதுவான ஐடிலில் குறியைப் பாருங்கள். வேகம் கூட்டும்போது குறி முன்னால் நகர்ந்தால் உள்ளிருக்கும் எடைகள் வேலை செய்கின்றன. குழாயை மாட்டி லேசாக முடுக்கினால் இன்னும் நகர வேண்டும்.

5. ஓட்டிப் பார்ப்பது. பாலிக் புலாவ் போகும் மலைச்சாலையான ஜாலான் துன் சார்டோன் மேடுதான் எனக்குச் சோதனைச்சாலை. நாலாம் கியரில் முடுக்கும்போது டின்னுக்குள் கோலிக்குண்டு உருளுகிற சத்தம் வந்தால் டைமிங் அதிகமாக முந்தியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சின்னத் திருகு நட்டை ‘ஆர்’ (ரிட்டார்ட், அதாவது பின்தள்ளுவது) பக்கம் சில கிளிக் திருப்பி, மறுபடி ஏறுங்கள். சத்தம் நின்றால் அப்படியே பாலிக் புலாவ் இறங்கி ஒரு லக்சா சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.