அரசுப் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கைப் படிப்பது எப்படி: சிவகாசிப் பெற்றோருக்கு

பொதுத்தேர்வு முடிவு நாளில் பள்ளி அறிவிக்கும் தேர்ச்சி விழுக்காடு, தேர்வெழுதிய பிள்ளைகளைப் பற்றி மட்டுமே சொல்கிறது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பிப் பிழைக்கும் சிவகாசியில், தேர்வறைக்கே வந்து சேராதவர்களையும் எண்ணிய பிறகுதான் ஒரு பள்ளியை மதிப்பிட முடியும். பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்ற இதே விருதுநகர் மாவட்டம்தான், 2018-இல் ஒன்றிய அரசு அறிவித்த, வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

முதலில், 9-ஆம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், மறு ஆண்டு அவர்களுள் எத்தனை பேர் 10-ஆம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறு பள்ளியில் சேர்ந்தவர்களைக் கழித்தபின் எஞ்சுபவர்களின் நிலையைத்தான் விசாரிக்க வேண்டும். பிறகு வருகைப்பதிவை மாதவாரியாகப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வருகை சரிந்தால், பெற்றோர் கூடுதல் நேரம் வேலைக்குப் போவதால் மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறாளா என்று விசாரியுங்கள். ஆலைகள் மூடிக்கிடக்கும் காலத்தில் சரிந்தால், கூலி நின்றுபோன வீட்டின் நெருக்கடி அதில் தெரியும்.

இந்தக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஆனால் கூட்டம் வேலை நேரத்தில் நடந்தால், ஒரு நாள் கூலியை இழக்க முடியாத தாய்மார்கள் வரமாட்டார்கள். ஆகவே நேரத்தை மாற்றக் கேட்பதே குழுவில் நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை என்று உறுதியாகச் சொல்வேன்.

வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியரோடு செல்லுங்கள். குற்றம் சாட்டாமல், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். பட்டாசு ஆலையில் 18 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம்; அப்படித் தெரியவந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்துத் தெரிவியுங்கள்.

மாலை நேரப் படிப்பு, வருகைக் கண்காணிப்பு ஆகிய தேவைகளைக் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுத்தில் சேர்க்கச் செய்து, அடுத்த கூட்டத்தில் அவற்றின் நிலையை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.