ஆற்றைப் பெருக்கித் துடைக்காதீர்கள்: ட்ரவுட் ஆற்றுத் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கார் நிறுவனங்களை நம்பிப் பிழைக்கும் நம்மவர்களில் சிலருக்கு அண்மைக்காலமாக ஃப்ளை தூண்டில் பைத்தியம் பிடித்திருக்கிறது. வடக்கே மூன்று மணி நேரம் காரோட்டினால் கிரேலிங் என்ற சிற்றூர் வரும். அதை ஒட்டி ஓடுவது ஓ சேபிள் ஆறு. இறகும் நூலும் சுற்றிய கொக்கியைப் பூச்சி என்று நம்பவைத்து ட்ரவுட் மீனை ஏமாற்றும் இந்தக் கலைக்கு அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் பேர்போன ஆறுகளில் இதுவும் ஒன்று. ட்ரவுட் அன்லிமிடெட் என்ற ஆற்றுப் பாதுகாப்பு அமைப்பு 1959-இல் பிறந்ததே இதன் கரையில் இருந்த ஒரு வீட்டில்தான். அதனாலோ என்னவோ, இங்கே மீன் பிடிக்க வருபவர்கள் ஓரிரு பருவத்துக்குள் தன்னார்வலர்களாகவும் மாறிவிடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வந்த வேகத்தில் அவர்கள் செய்யும் சில காரியங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பழைய ஆட்களான நாங்கள் செய்த அதே கூத்துகளை இவர்களும் வரி பிசகாமல் செய்கிறார்கள்.

தூண்டில் நரம்பு கிளையில் மாட்டுவது, கொக்கி தொப்பியில் ஏறுவது, பாசியில் வழுக்கி இடுப்புவரை நனைவது ஆகியவற்றுக்கு என் உபதேசம் தேவையில்லை. ஆறே கற்றுக்கொடுத்துவிடும். ஆற்றுக்கு நேரும் கேடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விழுந்த மரத்தை இழுத்து வெளியே போடுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

ஆண்டுக்கொரு முறை துப்புரவு நாள் நடக்கும். ஆளுக்கொரு பையோடு படகிலும் நடந்தும் ஆற்றில் இறங்குவோம். பீர் டின்கள், ஒற்றைச் செருப்புகள், உடைந்த துடுப்பு, அறுந்த நைலான் நரம்பு, சில சமயம் ஒரு டயர் என்று பை நிறையும். மதியத்துக்குள் குப்பை தீர்ந்துவிட்டால்தான் ஆபத்து. கையில் தெம்பு மிச்சமிருக்கும் புதியவர்களின் கண் ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்களின்மேல் போகும்.

அப்படி ஒரு துப்புரவு நாளில், கரையிலிருந்து சாய்ந்து பாதி உடல் நீரில் கிடந்த ஒரு செடார் மரத்தை இரண்டு இளைஞர்கள் கை வின்ச்சால், அதாவது கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவியால், இழுத்து மேலே போட்டுவிட்டார்கள். அடுத்த வளைவில் இருந்த நான் சத்தம் கேட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது. மரத்தின்மேல் ஒரு காலை ஊன்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரை வீட்டுக்காரர் கைதட்டினார். "இப்போதுதான் ஆறு பார்க்க லட்சணமாக இருக்கிறது" என்றார்.

நான் குனிந்து மரத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பட்டையின் வெடிப்புகளில் கேடிஸ் பூச்சியின் புழுக்கள் மணல் மணியாகப் பொறுக்கி ஒட்டிக் கட்டிய கூடுகள் நெருக்கமாக இருந்தன. ஒரு கூட்டிலிருந்து கறுத்த தலையும் முன்னங்கால்களும் எட்டிப் பார்த்தன. நீர் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டன. கிளைகளுக்கு இடையே அடைந்திருந்த இலைச் சருகுக் கற்றையைப் பிரித்தால் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை இளம்பூச்சிகள் உள்ளங்கையில் நெளிந்தன. வீட்டில் உட்கார்ந்து இறகைச் சுற்றிச் சுற்றி எந்தப் பூச்சியைப் போலியாகச் செய்கிறோமோ, அதன் அசல்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இளைஞர்களிடம் காட்டினேன். "அட, இவ்வளவு இருக்கிறதா!" என்று அவற்றையும் படம் எடுத்தார்கள்.

அடுத்த வசந்தத்தில் போய்ப் பார்த்தேன். மரம் கிடந்த இடத்தில் இருந்த தொடையளவு ஆழக் குழி தூர்ந்துபோய், கணுக்கால் நனையும் மணல் திட்டாகியிருந்தது. அங்கே எப்போதும் நிற்கும் பெரிய பிரவுன் ட்ரவுட்டைக் காணவில்லை. வேறெங்காவது போயிருக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் போக இடம் வேண்டுமே. ஆற்றில் நல்ல நிழலுள்ள ஆழமெல்லாம் ஏற்கெனவே வேறு மீன்களின் வசம் இருக்கும்.

நடந்தது இதுதான். நீர் மரத்தில் மோதும்போது அதன் அடியிலும் பக்கத்திலும் நெருக்கியடித்து ஓடும். அந்த வேகம் மணலைப் பறித்துக் குழி தோண்டும், அடியில் இருக்கும் கூழாங்கல்லை வெளிக்கொண்டுவரும். மரத்தின் பின்புறம் வேகம் தணியும் இடத்தில் மணல் ஒதுங்கும். மீன் நிழலில், இழுவை இல்லாத நீரில் சும்மா நின்றுகொண்டு, ஒரு முழத்துக்கு அப்பால் ஓடும் நீரோட்டத்தில் வரும் பூச்சியை எட்டிப் பிடித்துத் திரும்பிவிடும். மேலிருந்து பார்க்கும் நாரைக்கும் அது தென்படாது. மரத்தை எடுத்தால் இத்தனையும் ஒரே குளிர்காலத்தில் போய்விடும்.

மணல் என்றால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. இதே வட்டாரத்தின் ஹன்ட் கிரீக் ஓடையில் மீன்வள ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஆண்டுக்கணக்கில் மணலைக் கொட்டிப் பார்த்து, 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். படுகையில் நகரும் மணல் நான்கைந்து மடங்கானதும் புரூக் ட்ரவுட் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஓடும் மணலில் பூச்சி ஒட்டி வாழாது, முட்டையும் பிழைக்காது.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது இந்த வரலாற்றை நினைத்தால்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கு மிச்சிகனின் வெள்ளைப் பைன் காடுகளை மொட்டையடித்தார்கள். வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைகளுக்கு அனுப்பினார்கள். மரக்கட்டைகள் தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக, ஆற்றில் விழுந்து கிடந்த மரங்களையெல்லாம் முதலில் அகற்றினார்கள். பிறகு வந்த கட்டை வெள்ளம் கரையையும் படுகையையும் உரசிக்கொண்டு போனது. ஊருக்கே பெயர் தந்த கிரேலிங் மீன் அந்த அடியிலும் அளவற்ற வேட்டையிலும் வெளியிலிருந்து வந்த மீன்களின் போட்டியிலும் நலிந்து, 1930-களுக்குள் மிச்சிகனிலிருந்தே இல்லாமல் போனது. இன்று நாம் "தெளிவாக, தடையில்லாமல் ஓடுகிறது" என்று ரசிக்கும் ஆறு மரவெட்டிகள் விட்டுப்போன ஆறு. இழுத்துப் போட்ட அந்த இரண்டு பேரும் அறியாமல் அவர்களுடைய மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

படித்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் சால்மன் மீன் மேலேறத் தடையாக இருக்கிறது என்று சொல்லி 1950-களிலிருந்து பல ஆண்டுகள் அரசு ஆட்களே ஓடைகளிலிருந்து மரங்களை அகற்றினார்கள். பிற்பாடு தவறு புரிந்து, ஹெலிகாப்டரில் முழு மரங்களைத் தூக்கிவந்து திரும்பப் போட வேண்டியதாயிற்று. மிச்சிகனிலோ 1932-லேயே மாநில ஆய்வாளர்கள் ட்ரவுட் ஓடைகளில் மரத்தையும் மறைவிடத்தையும் திரும்ப வைப்பது எப்படி என்று கையேடு போட்டுவிட்டார்கள். யார் படிக்கிறார்கள்?

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. கண்மாயையும் வாய்க்காலையும் தூர்வாருவதைப் பார்த்து வளர்ந்த கண் நமக்கு. நீரில் கிடப்பதெல்லாம் அடைப்பு, அடைப்பை எடுப்பது புண்ணியம். வாய்க்காலுக்கு அது சரி. கடைமடை வயலுக்கு நீரைக் கொண்டுசேர்ப்பது ஒன்றே அதன் வேலை. இந்த ஆற்றுக்கு யார் வயலுக்கும் போகும் அவசரம் இல்லை. தங்கித் தயங்கிப் போவதுதான் மீனுக்கு வேண்டும்.

ஆகவே நடைமுறை இதுதான். மனிதன் செய்த பொருளாக இருந்தால் எடுங்கள், முளைத்து வளர்ந்ததாக இருந்தால் விடுங்கள். கரையிலிருந்து சாய்ந்து நீரைத் தொடும் செடார்களை உள்ளூரில் ஸ்வீப்பர் என்பார்கள். அவற்றின் கிளையைக்கூட ஒடிக்க வேண்டாம். ஆற்றை முழுக்க மறித்துப் படகு போக முடியாத மரம் என்றால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அனுமதி பெற்றவர்கள் வந்து ஒரு படகு நுழையும் அளவுக்கு மட்டும் அறுப்பார்கள். வேர்க்கட்டையையும் நுனியையும் அப்படியே விடுவார்கள். நல்லெண்ணத்தோடு நீங்களாகவே புதிதாக ஒரு மரத்தைக் கொண்டுபோய் ஆற்றில் போடுவதும் கூடாது. அதற்கும் மாநில அனுமதி வேண்டும். சரியாகப் பிணைக்காத மரம் பெருக்கில் கிளம்பி அடுத்த பாலத்தில் போய்ச் சொருகிக்கொள்ளும்.

சேற்றையும் விட்டுவையுங்கள். ஜூன் கடைசியில், இருட்டிய பிறகு, கட்டைவிரல் நீளத்துக்குப் பறந்து வரும் ஹெக்ஸ் என்ற மேஃப்ளைக்காகத்தான் பாதிப் பேர் இந்த ஆற்றுக்கே வருகிறார்கள். அதன் இளம்பூச்சி வளர்வது ஓரத்துச் சேற்றில், வளை தோண்டி. அந்தச் சேற்றை மண்வெட்டியால் வாரிப் போட்டுவிட்டு இரவு முழுக்க ஹெக்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெருமகனை எனக்குத் தெரியும்.

வெளிர்ந்த கூழாங்கல் திட்டில் நடப்பது

அக்டோபர், நவம்பரில் பிரவுன் ட்ரவுட்டும் புரூக் ட்ரவுட்டும் முட்டையிடும். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துக் கூழாங்கல்லைக் கிளறிப் பள்ளம் பறிக்கும். பாசி கழன்று, சுற்றிலும் உள்ள கல்லைவிட வெளிர்நிறமாக, ஒரு தட்டு அகலத்திலோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு திட்டு தெரியும். பலரும் பள்ளத்தில்தான் முட்டை இருக்கிறது என்று நினைத்து, அதைத் தாண்டி, பள்ளத்துக்குக் கீழ்புறம் உள்ள சிறு மேட்டில் காலை வைக்கிறார்கள். முட்டை புதைந்திருப்பது அந்த மேட்டில்.

மொன்டானாவில் இதைச் சோதித்து 1992-இல் வெளியிட்டார்கள். பொரியும் தறுவாயில் ஒரே ஒரு முறை மிதித்ததிலேயே அதிகபட்சம் 43 சதவீதம் அழிந்தது. தினமும் இருமுறை மிதித்த இடத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது. முட்டையும் குஞ்சும் கல்லுக்குள்ளேயே வசந்தம் வரை இருக்கும் என்பதால் டிசம்பரிலும் மார்ச்சிலும் இதே கவனம் வேண்டும். திட்டு கண்ணில் பட்டால் கரையேறிச் சுற்றிப் போங்கள். அதன்மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடுவது வேறு தனிக் கேவலம்.

வெப்பமானி இல்லாமல் ஜூலையில் வருவது

20 டிகிரி செல்சியஸ். நீர் அதைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.

"பிடித்து விட்டுவிடுகிறோமே" என்பார்கள். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. மீனின் உடலுக்கு அப்போதுதான் அது கூடுதலாகத் தேவை. போராடிக் களைத்த மீன் உங்கள் கையிலிருந்து நன்றாகத்தான் நீந்திப் போகும். பிறகு ஆழத்தில் போய்ச் சாகும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள். விடியற்காலையில் வாருங்கள். அல்லது ஏதாவது ஏரியில் பாஸ் மீன் பிடியுங்கள். அதற்கு வெயில் ஒத்துக்கொள்ளும்.

ஈர பூட்ஸோடு அடுத்த ஆற்றுக்குப் போவது

ஓ சேபிளும் மனிஸ்டீ ஆறும் பக்கத்துப் பக்கத்தில் பிறந்து, ஒன்று கிழக்கே ஹூரான் ஏரிக்கும் மற்றது மேற்கே மிச்சிகன் ஏரிக்கும் போகின்றன. காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று இரண்டிலும் இறங்குவது வார இறுதி வழக்கம். நியூசிலாந்து சேற்று நத்தை ஓ சேபிளில் 2016-இல் கண்டறியப்பட்டது. அரை சென்டிமீட்டர் நத்தை. ஆண் துணை இல்லாமலே பெருகும், ஆகவே உங்கள் பூட்ஸ் மடிப்பில் ஒன்றே ஒன்று போனாலும் போதும். ட்ரவுட் விழுங்கினாலும் பெரும்பாலும் செரிக்காமல் உயிரோடு வெளியே வந்துவிடும். மேல் மனிஸ்டீயில் டிடிமோ என்ற பாசி 2021-இல் தென்பட்டது.

தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஆறு. நேரமில்லை என்றால் இரண்டாவது ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தாலும் நத்தை சாகும், வீட்டில் சம்மதித்தால். அடியில் கம்பளி ஒட்டிய பூட்ஸ் ஈரத்தை விடவே விடாது, அதை வாங்காதீர்கள்.

மீன் குஞ்சு வாங்கி விடுவது

ஊட்டிப் பக்கத்து நண்பர் ஒருவர், அவலாஞ்சி ட்ரவுட் பொரிப்பகத்தைப் பார்த்து வளர்ந்தவர், "ஆளுக்கு ஐம்பது டாலர் போட்டுக் குஞ்சு வாங்கி விடலாமே" என்றார். வேண்டாம். அனுமதியில்லாமல் விடுவது குற்றம், நோயும் கூட வரும். இங்குள்ள பிரவுன் ட்ரவுட்டே 1880-களில் ஜெர்மனியிலிருந்து முட்டையாக வந்த வம்சம்தான். ஆனாலும் இன்று அது இந்த ஆற்றில் தானாகவே பெருகுகிறது.

படத்துக்காக மீனைத் தூக்குவது

கையை நனையுங்கள். மீன் வலையிலேயே, நீரிலேயே இருக்கட்டும். முடியாதென்றால் படம் வேண்டாம்.

பாலத்தடிக் குழாயைக் கவனிக்காமல் காரோட்டிப் போவது

ஆட்கள் போதாத வேலை இது. சாலை ஓடையைக் கடக்கும் இடங்களில் பல பாலங்கள் வெறும் இரும்புக் குழாய்தான். குழாய் ஓடையைவிடக் குறுகலாக இருந்தால் நீர் பீய்ச்சி அடித்துக் கீழ்புறம் அரிக்கும். நாளாக ஆக, குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே தொங்க ஆரம்பிக்கும். கோடையில் குளிர்ந்த கிளை ஓடைகளைத் தேடி ஏறும் சின்னப் புரூக் ட்ரவுட் அந்த உயரத்தைத் தாண்டாது. சாலை மணலும் ஒவ்வொரு மழைக்கும் அங்கேதான் ஓடையில் இறங்குகிறது.

இதற்கு வின்ச் தேவையில்லை. ஓர் அளவு நாடா போதும். குழாயின் அகலம், அதற்கு மேலேயும் கீழேயும் ஓடையின் அகலம், குழாய் வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலான உயரம், இருபுறமும் ஒவ்வொரு படம், சாலையின் பெயர். படிவத்தில் எழுதிக் கொடுத்தால், எந்தக் குழாயை முதலில் மாற்றுவது என்று மாவட்டச் சாலைத் துறையோடு உட்கார்ந்து பேச எங்களுக்கு ஆதாரம் இருக்கும்.