காட்டுக்கோழியைக் காட்டுக்கோழியாகவே வளர்ப்பது எப்படி?

வீட்டுக்கோழி வளர்த்த பழக்கத்தில் காட்டுக்கோழியையும் வளர்த்துவிடலாம் என்று இறங்குபவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். தீவனம் பெரிய விஷயமில்லை. காட்டுக்கோழியின் கலப்பில்லாத ரத்தமும், மனிதரைக் கண்டு மிரளும் குணமும் கெடாமல் காப்பதுதான் கஷ்டம். இங்கே சிவப்புக் காட்டுக்கோழியை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: அனுமதி
உங்கள் நாட்டு வனவிலங்குச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசையை அத்தோடு விட்டுவிடுங்கள். காட்டில் பிடித்த பறவையும் காட்டிலிருந்து எடுத்த முட்டையும் வேண்டவே வேண்டாம்.

படி 2: கலப்பா, தூயதா?
வீட்டுக்கோழிக்கு மூதாதையே இதுதான் என்பதால் இரண்டும் தாராளமாக இணைசேரும், பிறக்கும் கலப்புச் சேவலோ பார்க்க அசல் காட்டுச்சேவல் மாதிரியே இருக்கும். அதனால் பெட்டையைப் பாருங்கள். கொண்டை இருப்பதே தெரியக்கூடாது. கால் கருஞ்சாம்பலாக இருக்க வேண்டும். சேவல் கோடையில் இறகு உதிர்க்கும்போது கழுத்தின் பொன்னிற இறகுகள் போய்க் கொஞ்ச காலம் கறுப்பு இறகு முளைக்கும், அப்படி மாறாத சேவலைச் சந்தேகப்படுங்கள். இதெல்லாம் அறிகுறிகள்தான், உறுதியாகத் தெரிய மரபணுச் சோதனை வேண்டும்.

படி 3: கூண்டு
பயந்தால் நேராக மேலே பாயும், கம்பிக்கூரையில் மோதி மண்டைத்தோல் கிழியும். கூரைக்கு மெல்லிய வலையைத் தொய்வாகக் கட்டுங்கள். உள்ளே புதர், உயரத்தில் கிளை, பக்கங்களில் மறைப்பு. ஒரு கூண்டுக்கு ஒரே சேவல். வீட்டுக்கோழி பக்கத்திலேயே வரக்கூடாது, நோயும் கலப்பும் அந்த வழியாகத்தான் வரும்.

படி 4: குஞ்சு
முதல் சில வாரம் கறையான் மாதிரிப் பூச்சிகள் கொடுங்கள். தரை ஈரமாக இருந்தால் ரத்தக்கழிச்சல் வரும். கையில் எடுத்துக் கொஞ்சாதீர்கள், தாயோடு வளரட்டும்.

படி 5: மிரட்சி
இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்வீடனின் லிங்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் மனிதரைக் கண்டு அதிகம் பயப்படாத சிவப்புக் காட்டுக்கோழிகளையே தேர்ந்தெடுத்துப் பத்துத் தலைமுறை இனப்பெருக்கம் செய்தார்கள்; உடலோடு ஒப்பிட்டால் மூளையின் அளவே சிறுத்துவிட்டது! நாம் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், மிரண்டவை கூண்டில் அடிபட்டுச் சாக, சாதுவானவை குஞ்சு பொரிக்க, அதே தேர்வு தானாக நடந்துவிடும். ஆகவே கையில் வந்து தின்னும் பறவையை ஜோடிக்கு எடுக்காதீர்கள், ஓடி ஒளிவதை எடுங்கள். அப்புறம், ஒவ்வொன்றுக்கும் கால் வளையம் மாட்டி, எந்த ஜோடியின் குஞ்சு என்று நோட்டில் எழுதி வையுங்கள். சில தலைமுறைக்கு ஒருமுறை, வேறு வளர்ப்பாளரிடமிருந்து ரத்த உறவில்லாத தூய சேவலை மாற்றிக்கொள்ளும்போது அந்த நோட்டைத்தான் அவர் முதலில் கேட்பார்.