காரிலும் வீட்டிலும் ஊறிப்போன சிகரெட் வாடையை எடுப்பது எப்படி?

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவர்களுக்கும், முன்பு இருந்தவர் ஊதித் தள்ளிவிட்டுப் போன வாடகை வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கும் இந்தப் பதிவு. நான் வாங்கிய பழைய காரிலேயே எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், அதனால் காரிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வேலை, டேஷ்போர்டில் இருக்கும் வாசனை ஜெல்லைத் தூக்கி எறிவது. வாடை காற்றில் இல்லை. புகையில் வரும் தாரும் நிகோடினும் பிசுபிசுவென்று கண்ணாடி, பிளாஸ்டிக், சீட் துணி, கூரை என்று எல்லா இடத்திலும் படிந்திருக்கின்றன, சூடேறினால் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவி கிளம்பும். காலையில் சும்மா இருக்கும் கார் மத்தியான வெயிலில் நின்றதும் நாறுவது இதனால்தான். அதன்மேல் மல்லிகை வாசனை அடித்தால் மல்லிகையும் சிகரெட்டும் கலந்து தலைவலிதான் வரும். படிந்ததை எடுத்தால் வாடை போகும், அவ்வளவுதான் விஷயம்.

வாங்க வேண்டியவை: வெள்ளை வினிகர், சமையல் சோடா, பாத்திரம் கழுவும் லிக்விட், மைக்ரோஃபைபர் துணி ஒரு கட்டு. 'வாடை நீக்கி' என்று விற்கும் ஸ்ப்ரேக்கள் எனக்குப் பிடிக்காது, பாதிக்கு மேல் வெறும் சென்ட். வாக்கூம் கிளீனரில் காரில் செருகும் குட்டி மாடல் வேண்டாம், அதற்கு இழுக்கத் தெம்பில்லை. வீட்டு வாக்கூமே போதும்.

ஆஷ்ட்ரே, மிதியடி, டிக்கி விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சீட் இடுக்கு வரை வாக்கூம் போடுங்கள். துணி சீட்டிலும் தரை கார்ப்பெட்டிலும் சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி, ஓர் இரவு விட்டு உறிஞ்சி எடுங்கள். மழைக்காலத்தில் சோடா ஈரம் குடித்துக் கட்டியாகி நூலிடுக்கில் உட்கார்ந்துகொள்ளும், அதனால் வெயில் காலத்தில் வைத்துக்கொள்வது உத்தமம். லெதர் சீட்டுக்கு சோடாவும் வேண்டாம் வினிகரும் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கண்ணாடியின் உட்பக்கம், டேஷ்போர்டு, கதவு, ஸ்டீயரிங் எல்லாம் துடையுங்கள். நிகோடின் காரத்தன்மை உள்ளது, அதனால் அமிலமான வினிகருக்குக் கரைந்துகொடுக்கும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றை ஒன்று முறித்துவிடும். ப்ளீச்சோடு வினிகர் சேர்ப்பது அதைவிட மோசம், குளோரின் வாயு வரும்.

சீட் பெல்ட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். முழுதாக வெளியே இழுத்து, மேலே ஏறிவிடாமல் துணிக் கிளிப் போட்டு நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் சொட்டும். நன்றாகக் காய்ந்தபின்தான் கிளிப்பை எடுக்க வேண்டும்.

கூரைத் துணியில் அவசரம் கூடாது. புகை மேலே போவதால் அதிகம் குடித்திருப்பது அதுதான், ஆனால் அந்தத் துணி மெல்லிய ஃபோமின்மேல் பசையால் ஒட்டியிருக்கிறது. நனைத்தால் பசை விட்டுத் தொங்கும். கரைசலைக் கூரையில் அடிக்காமல் துடைக்கும் துணியில் மட்டும் தெளித்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள்.

இவ்வளவு செய்தும் என் காரில் ஏசி போட்டால் முதல் அரை நிமிடம் பழைய வாடை குப்பென்று வந்தது. காரணம் யோசித்தால் எளிது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்காற்றே சுற்றும்படி ஏசி போட்டுப் புகைத்தால் அந்தப் புகை கூலிங் காயில் வழியாகத் திரும்பத் திரும்பப் போகும். காயில் எப்போதும் ஈரம், அதனால் எல்லாம் அங்கே அப்பிக்கொள்ளும். பெரும்பாலான சின்ன கார்களில் கிளவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் அது கீழே இறங்கும், பின்னால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் இருக்கும். அதைத் தட்டிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். கரி சேர்த்த கறுப்பு ஃபில்டர் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் இந்த வேலைக்கு அதுதான். அதில் உள்ள அம்புக்குறி பழையதில் எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்க்க வேண்டும். மாட்டும் முன், அந்தத் திறப்பு வழியாக ஏசி காயிலுக்கான ஃபோம் கிளீனரை, குழாயைக் காயில் பக்கம் நீட்டி அடியுங்கள். எஞ்சின், ஃபேன் எல்லாம் நிறுத்தியிருக்கட்டும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட்டால் நுரை கரைந்து, ஏசி தண்ணீர் சொட்டும் குழாய் வழியே காருக்கு அடியில் கறுப்பாக இறங்கும். பிறகு ஃபில்டரை மாட்டி, கதவுகளைத் திறந்துவைத்து, ஏசி இல்லாமல் ஹீட்டரும் ஃபேனும் ஓடவிட்டு உலர்த்துங்கள். எனக்கு வாடை முழுதாக விட்டது இதற்குப் பிறகுதான்.

வீட்டுக்கு வருவோம். திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் துவைப்பது உங்களுக்கே தெரியும். ஃபேன் இறக்கையின் மேல்பக்கத்தை விடாதீர்கள், ஸ்பிளிட் ஏசி இருந்தால் ஆள் வைத்துக் காயிலைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு அடித்து உறை மாற்றினால் தேறும், ஃபோம் மெத்தை என்றால் தூக்கிப் போடுவதே மேல். எமல்ஷன் அடித்த சுவரைச் சோப்புத் தண்ணீரால் கீழிருந்து மேலாகக் கழுவினால் வழிந்த கோடு விழாது. சாம்பிராணி போடச் சொல்வார்கள். புகைமேல் புகை, வேண்டாம்.

பிற்சேர்க்கை: சுவரைக் கழுவினால் பெயின்டே கையோடு வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். அது டிஸ்டெம்பர், கழுவத் தாங்காது. உலர்ந்த துணியால் துடைத்து, மேலே புதிதாக அடிக்க வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் கலக்கும் பிரைமர் அடித்தால் மஞ்சள் கறை ஊடுருவி மேலே வந்துவிடும், டர்பன்டைன் கலக்கும் பிரைமர் கேளுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: வாடையைப் போக்க ஓசோன் வாயுவை விடும் மெஷின் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். ஓசோன் நுரையீரலைப் பாதிக்கும், ரப்பரிலும் வெடிப்பு விழச் செய்யும். படிந்த பிசுக்கைத் துடைக்காமல் அதைப் போட்டால் சில நாளில் வாடை திரும்பிவிடும். எல்லாம் துடைத்த பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் கடையில் கொடுத்துச் செய்யுங்கள், மெஷின் ஓடும்போது காருக்குள் யாரும் இருக்கக்கூடாது, முடிந்ததும் எல்லாக் கதவையும் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே ஏறுங்கள்.