கொரியா வரலாறு பேசறப்போ விட்டுடவேண்டிய சில தப்புகள்

கே-டிராமா புண்ணியத்துல இப்ப எல்லாரும் கொரியா வரலாறு பேசறோம், நல்லதுதான். ஆனா முக்கால்வாசி பேச்சு 1961ல ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ தென்கொரியாவுல ஆட்சியைப் பிடிச்சதுல ஆரம்பிச்சு சாம்சங்ல போய் முடிஞ்சுடுது. அதுக்கு முன்னாடி கொரியாக்காரங்க கைகட்டி உக்காந்திருந்த மாதிரி ஒரு நெனப்பு, மத்த தப்பெல்லாம் இங்கருந்துதான் வருது.

சியோல்ல சோதேமுன் ஜெயில்னு ஒண்ணு இருக்கு, ஜப்பான்காரன் 1908ல திறந்து விடுதலைப் போராளிகளை அடைச்ச இடம். அது பக்கத்துலயே "டோங்னிம்முன்"னு பெரிய கல் வளைவு, அதாவது விடுதலை வாயில். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதால ஜப்பான்கிட்ட இருந்து விடுதலை கிடைச்சதுக்கு கட்டினதுன்னு கேப்ஷன் போட்டுடறாங்க. அதைக் கட்டி முடிச்சதே 1897ல, ஜப்பான் கொரியாவை முழுங்கினது 1910ல, எப்படிங்க கணக்கு ஒத்துவரும்? சீனாவோட பிடி விட்டுப் போச்சுன்னு காட்டத்தான் அந்த வாயில். சீனத் தூதர்களை வரவேற்க நின்ன பழைய வாயில் இருந்த இடத்துல, பாரிஸ் வெற்றி வளைவைப் பார்த்து கட்டினாங்க. பழைய வாயிலோட ரெண்டு கல்தூண் மட்டும் இன்னைக்கும் முன்னாடி மொட்டையா நிக்குது. இதுல கூத்து என்னன்னா, இதைக் கட்டின விடுதலைச் சங்கத்துல தலைவரா இருந்த லீ வான் யோங்தான் பின்னாடி பிரதமராகி 1910ல நாட்டை ஜப்பானுக்கு எழுதிக் கொடுத்தவர். தியாகி, துரோகின்னு ரெண்டு டப்பா வெச்சு அந்தக் காலத்து ஆளுங்களைப் பிரிச்சுப் போட முடியாது.

கொரிய எழுத்தான ஹங்குல் விஷயமும் அப்படித்தான். செஜோங் ராஜா 1446ல வெளியிட்டதும் நாடே படிக்க ஆரம்பிச்சிடல, மேல்தட்டு ஆளுங்க நூத்துக்கணக்கான வருஷம் சீன எழுத்தை விடவே இல்ல, ஹங்குல் பெண்களோட கடிதத்துலயும் கதைகள்லயும் உயிரோட இருந்துச்சு. அரசாங்க ஆவணத்துக்குள்ள வந்தது 1894 சீர்திருத்தத்துல. 1896ல சோ ஜே பில்ங்கற சீர்திருத்தவாதி ஆரம்பிச்ச பத்திரிகையோட கொரியப் பக்கங்கள் முழுக்க ஹங்குல்லயே, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு வந்துச்சு, சாதாரண ஆளும் படிக்கட்டும்னு.

"கொரியர்கள் 5000 வருஷமா ஒரே ரத்தம்" டயலாக்கையும் அப்படியே ஃபார்வர்ட் பண்ணாதீங்க. கொரியாவை முதல்ல உருவாக்கினதா சொல்ற புராண ராஜா டான்குன் கதை நம்ம கைக்கு வர்றதே 13ஆம் நூற்றாண்டு நூல் வழியா. இனம்ங்கற அர்த்தத்துல கொரிய வரலாறை எழுதினது ஷின் சே ஹோ, 1908ல, நாடு கைய விட்டுப் போயிட்டு இருந்தப்போ. அதுக்கு 14 வருஷம் முன்னாடி வரைக்கும் அங்க சட்டப்படியே அடிமைகள் இருந்தாங்க, எஜமானும் அடிமையும் ஒரே ரத்தம்னு அப்போ சொல்லியிருந்தா எஜமான் அடிக்க வந்திருப்பார். (நம்மாளுங்க அம்மா அப்பான்னு ரெண்டு வார்த்தையை வெச்சு கொரியனைத் தமிழோட சேர்க்கறாங்களே, ஹோமர் ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர் 1905லயே திராவிட மொழிகளோட ஒப்பிட்டு ஒரு இலக்கணமே எழுதிட்டார், இன்னைக்கு மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கறதில்ல.)

அப்புறம் "ஜப்பான்தான் எல்லாம் கட்டிக் கொடுத்தான்"னு ஒரு பேச்சு. ராஜா கோஜோங் அரண்மனையில 1887லயே கரண்ட் லைட், சியோல்ல 1899லயே டிராம். ஜப்பான் ஆட்சியில ஃபேக்டரிகள் வந்தது உண்மை, ஆனா பெரிய நீர்மின் நிலையம், ரசாயன ஆலை எல்லாம் பெரும்பாலும் வடக்குல. 1948 மே மாசம் வடகொரியா ஸ்விட்சை அணைச்சதும் தெற்கு இருட்டாயிடுச்சு, அடுத்து கொரியப் போர் வேற, மிச்சம் மீதி இருந்ததும் போச்சு.

பார்க் ஒரே ஆளா தூக்கி நிறுத்தினார்ங்கறதும் பாதிக் கதை. 1950ல நிலச் சீர்திருத்தம் நடந்து குத்தகைக்காரன் கைக்கு நிலம் வந்தது அவருக்கு முன்னாடி. போஹாங் ஸ்டீல் ஆலைக்குப் போன பணத்துல ஒரு பகுதி 1965 ஒப்பந்தத்துல ஜப்பான்கிட்ட வாங்கினது, மொத்தம் 30 கோடி டாலர் மானியம், 20 கோடி கடன், அதுக்கு எதிரா மாணவர்கள் தெருவுல இறங்க, அரசாங்கம் ராணுவச் சட்டமே போட்டுச்சு. சியோல்-பூசான் எக்ஸ்பிரஸ்வே திறந்த அதே 1970ல, சியோல் பியோங்ஹ்வா மார்க்கெட்ல சோன் தே இல்னு 22 வயசு தையல் தொழிலாளி தன் மேல தீ வெச்சுக்கிட்டார். அவர் கேட்டது புதுசா ஒண்ணும் இல்ல, 1953லயே எழுதி வெச்ச தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கன்னுதான்.